கன்னத்தில் ஒதுக்கிய அசாம்போய்

அக்கா,

இன்று காலை காரின் முன் இருக்கைக்கு அடியில் உன் அசாம்போய் பொட்டலம் கிடைத்தது.

வியாழக்கிழமை அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரியில் என் கண்ணைக் காட்ட வேண்டும். தூரப் பயணம் என்றால் டயர் காற்று, எண்ணெய், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே பார்த்து, உள்ளேயும் துடைத்து வைப்பேன். "கல்யாணக் காடியாடா இது, வாத்தியாரே?" என்று நீ கேலி செய்த அதே வழக்கம்தான். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளித் துணியால் துழாவியபோது கையில் பட்டது. பொட்டலத்தின் வாயை ரப்பர் வளையத்தால் இறுகச் சுற்றியிருந்தாய். பிரித்ததும் வாடை வந்தது. உப்பு, புளிப்பு, அடியில் கொஞ்சம் இனிப்பு. உலர்ந்து சுருங்கிய பிளம் பழங்கள் மேலே உப்புப் பூத்துக் கிடந்தன. ஒன்றையும் நான் வாயில் போடவில்லை. வாசனைக்கே நாக்கின் இரண்டு ஓரமும் ஊறியது. விழுங்கிக்கொண்டேன். பழங்களைக் குப்பையில் போட்டேன். ரப்பர் வளையத்தை ஏனோ மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன்.

எச்சில் ஊறுவது இவ்வளவு சுலபமாக நடக்கிறது. உனக்கு அது நின்றுபோயிருந்தது.

எப்போது நின்றது என்று நம் இருவருக்குமே தெரியாது. அத்தான் இறந்த அன்றுதான் முதலில் வெளியே தெரிந்தது என்று நினைக்கிறேன். பாடாங் செராயில் உன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். நீ தலைமாட்டில் உட்கார்ந்து கதறினாய். மாரில் அடித்துக்கொண்டாய். குரல் கம்மிப்போனது. கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மணல் விழுந்த கண்போலச் சிவந்து கிடந்தது. அத்தானின் தங்கை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"நடிப்புலா இது. ஒரு சொட்டு வருதா பாரு."

உனக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் போன பிறகு, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாய்: "நான் அழறேன்டா தம்பி. கண்ணுதான் அழமாட்டேங்குது."

அதிர்ச்சியில் அப்படி ஆகும் என்று எங்கோ படித்ததை வைத்துச் சொன்னேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயும் விட்டுவிட்டாய்.

பிறகு பற்கள் ஒவ்வொன்றாக நொறுங்கத் தொடங்கின. சோற்றை நீரோடு சேர்த்து விழுங்கினாய். கைப்பையில் எப்போதும் ஒரு போத்தல். வயதானால் இப்படித்தான் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பல் மருத்துவர்தான் முதலில் சந்தேகப்பட்டு, அலோர்ஸ்டாரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளையில்லாத உனக்கும், மனைவியை இழந்த எனக்கும் துணை என்று வேறு யாரும் இல்லை. நான் கார் ஓட்டினேன்.

அந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? இளம் மலாய்க்காரப் பெண் டாக்டர். நிதானமாகக் கேட்டார்: கண்ணில் மண் விழுந்தது போல இருக்கிறதா, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறீர்களா, உலர்ந்த பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் நீ பெருமையாகப் பதில் சொன்னாய். காலையில் நாலு கிரீம் கிராக்கர் சாப்பிடுவேன், தண்ணீரே வேண்டாம் என்று. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்கு உறுத்தியது. மெதுவாகக் கேட்டேன். "அக்கா, நீ கோப்பியில தொட்டுல்ல சாப்பிடுவ?"

"ஆமா, பின்ன? பிஸ்கட்ட எவன்டா சும்மா திம்பான்?"

நான் அதை மலாயில் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார். தன் அம்மாவும் அப்படித்தான் என்றார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நம் வீட்டில் யாரும் பிஸ்கட்டைத் தொட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டதில்லை. உன் வாய் வறண்டது உனக்கே தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உதட்டின் உள்பக்கத்திலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்த்து, நோயின் பெயரைச் சொன்னார்கள். ஸ்யோகிரன். உன் வாயில் அது நுழையவே இல்லை. "காஞ்ச சீக்கு" என்று நீயே பெயர் வைத்தாய். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்தச் சுரப்பிகளையே தாக்குகிறது. கண்ணீரும் எச்சிலும் ஊறும் இடங்கள் அழிகின்றன. இதை உனக்குப் படம் போட்டு விளக்கினேன். நீ படத்தைப் பார்க்கவில்லை. "சொந்தக்காரனே வீட்டு மேல கேஸ் போட்ட மாதிரி. அப்படிச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாய்.

சொட்டு மருந்தும் வாய் கழுவும் மருந்தும் கொடுத்தார்கள். வறட்சியைத் தணிக்கலாம், நோயை நிறுத்த மருந்து இல்லை என்றார்கள். சில மாதங்கள் கழித்து அதே டாக்டர் நம்மை உட்கார வைத்துப் பேசினார். அந்தக் காவலை அடக்கி வைக்கும் புது ஊசி ஒன்றைப் பல ஊர்களில் சோதிக்கிறார்கள். உன் நோய்க்கு அது பொருந்தலாம். விருப்பம் இருந்தால் சேரலாம்.

அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து நான் கோடு போட்டுப் படித்தேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் தொற்று வரலாம் என்ற வரிக்குச் சிவப்பு மை. நீ என் எதிரில் உட்கார்ந்து வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பாதிப் பேருக்கு மருந்து, அக்கா. பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி, வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்."

"நாலு நம்பர் லாட்டரி மாதிரி."

"அப்படித்தான்."

"டாக்டருக்குத் தெரியும்ல?"

"தெரியாது."

"மிஸ்ஸிக்கு?"

"நர்சுங்களுக்கும் தெரியாது."

"அப்ப ஊசி யாருடா போடறது, பேயா?"

யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் யாரும் ஒரு பக்கம் சாயாமல் அளக்க முடியும் என்று விளக்கினேன். நீ கேட்டுக்கொண்டாய். அவசரப்பட வேண்டாம், இன்னும் யோசிக்கலாம் என்றேன். அப்போது நீ சொன்னது இன்னும் குத்துகிறது. "நீ யோசிச்சு யோசிச்சுத்தான் ஹெட்மாஸ்டர் ஆவாமலே ரிட்டையர் ஆன." சொல்லிவிட்டு, நான் முகம் சுருங்கியதைப் பார்த்துக் குரலைத் தணித்தாய்.

"எனக்கு ரெண்டே ரெண்டு வேணும்டா. ஒரு பிஸ்கட்ட சும்மா முழுங்கணும். அத்தானுக்கு ஒரு சொட்டு அழணும். அவரு போனதுக்கு இந்தக் கண்ணு இன்னும் ஒண்ணும் செய்யல. பேனாவக் குடு."

கையெழுத்துப் போட்டாய். சாட்சியாக நான் போட்டேன். என் கையெழுத்துத்தான் கோணலாக விழுந்தது.

முதல் ஊசிக்கு முன்னால் அளவெடுத்தார்கள். கீழ் இமைக்குள் ஒரு மெல்லிய காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார்கள். பிறகு கையில் சிறு கோப்பையைக் கொடுத்து, எதையும் மெல்லாமல், பேசாமல், ஊறுவதை அதில் விடச் சொன்னார்கள். காகிதம் நனையவே இல்லை. கோப்பையின் அடியில் ஈரம் போல ஏதோ தெரிந்தது. மிஸ்ஸி நோரா அதைத் தராசில் வைத்துப் பார்த்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது அதனால்தான்.

அன்று திரும்பும்போது உனக்குக் காரில் வாந்தி வந்தது. அடுத்த முறை போகும்போது குருன் ஓய்விடத்தில் நிறுத்தச் சொல்லி, கடையில் ஒரு பொட்டலம் அசாம்போய் வாங்கினாய். அதிலிருந்து அது உன் பயண வழக்கம் ஆயிற்று. குருனில் ஒன்றை வாயில் போட்டால், சதை கரைந்து கொட்டையாகி, அலோர்ஸ்டார் வரை கன்னத்தில் கிடக்கும். வாந்தி வரவில்லை. நான் அதற்குமேல் எதுவும் யோசிக்கவில்லை.

இரண்டு ஊசிக்குப் பிறகு அளவெடுத்தபோது கோப்பையில் எச்சில் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த முறை இன்னும் கூடியிருந்தது. மிஸ்ஸி எண்ணைச் சொல்லக் கூடாது. ஆனால் நீ கோப்பையை நீயே பார்த்தாய் அல்லவா? திரும்பும் வழி முழுக்க நீ பேசினாய். பாடாங் செராய் பாசாரில் கோழி வெட்டுபவரிடம்கூடச் சொன்னாய்: "எனக்கு விழுந்தது நல்ல ஊசிலா. எச்சி ஊறுது." அவர் இறக்கையை வெட்டியபடி, "அப்ப அத்த, கடன் வாங்கிட்டுத் துப்பிட்டுப் போவாம இருந்தா சரி" என்றார். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்கு எதையும் முழுதாகச் சந்தோஷப்படத் தெரியாது. கண்ணின் காகிதம் முன்பு போலவே உலர்ந்து வந்தது. வாய் மட்டும் தேறுகிறது, கண் தேறவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் போட்டுக் காட்டியவன் நான். ஒரு கோடு ஏறி, கூடவே ஏற வேண்டிய கோடு தரையில் கிடந்தால், எங்கோ கை தவறியிருக்கிறது என்று தோன்றும். எங்கே என்றுதான் தெரியவில்லை.

அது தெரிந்தது ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தத்தில். நீ முகமூடியை மாட்டிக்கொண்டாய். கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். முகமூடிக்குள் இடது கன்னம் சின்னதாகப் புடைத்திருந்தது. அளவெடுத்து முடிந்து நீ வெளியே வந்ததும் கைக்குட்டையில் சுருட்டி வைத்திருந்த கொட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டாய். கோப்பை கைக்கு வரும்வரை அது உன் வாயில் இருந்திருக்கிறது.

காரில் ஏறி, ஊரைத் தாண்டிய பிறகுதான் என்னால் கேட்க முடிந்தது.

"அக்கா, டெஸ்டுக்கு முன்னால ஒன்றரை மணி நேரம் வாயில ஒண்ணும் போடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"நான் எங்கடா போட்டேன்? பச்சத் தண்ணி குடிக்கல."

"அசாம்போய்?"

"அது சாப்பாடா? பசியாறிட்டியான்னு கேட்டா, ஆமா, அசாம்போய் தின்னேன்னு எவனாச்சும் சொல்வானா?"

புளிப்பு எச்சிலை ஊற வைக்கும், சுரப்பியில் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையும் பிழிந்து எடுக்கும், அவர்கள் அளக்க நினைப்பது அதை அல்ல என்று சொன்னேன். பாடம் நடத்துவது போலத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு வேறு குரல் இல்லை. நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். இரண்டு பக்கமும் அறுவடையான வயல்.

"அந்த நம்பர அடிச்சிட்டா," என்றாய், "நான் தேறினது பொய்யாயிடுமா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"உனக்கு நான் தேறுறது பொறுக்கல. வாய மூடிட்டு ஓட்டு."

அடுத்த முறை குருனில் நீ நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். வாங்கினாய், வாயில் போட்டாய். என்னைப் பார்த்துக்கொண்டேதான் போட்டாய். அளவெடுக்கும் அறையில், கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, மிஸ்ஸி நோரா வழக்கம் போலக் கேட்டார்: ஆன்ட்டி ஏதாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா? "தடா, மிஸ்ஸி," இல்லை என்று நீ முகமூடிக்குள்ளிருந்தே சொன்னாய்.

"அசாம்போய்," என்றேன் நான்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆசிரியர் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவன். மிஸ்ஸி என்னைப் பார்த்தார், பிறகு உன்னை. நீ முகமூடியைக் கழற்றி, கொட்டையை உள்ளங்கையில் துப்பி, மேசைமேல் வைத்தாய். டாக்டர் வந்தார். முன்பும் இப்படியா என்று கேட்டார். தலையாட்டினாய். உன்னைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். நீ நினைத்த இரண்டு காரியத்துக்கும் இருந்த ஒரே வழி அது. டாக்டர் கோபப்படவில்லை. முன் அளவுகளின் பக்கத்தில் நடந்ததைக் குறித்துக்கொள்வோம், மதியத்துக்குப் பிறகு வெறும் வாயோடு மறுபடி அளப்போம், நீங்கள் தொடரலாம் என்றார்.

மதியம் கோப்பையின் அடியில் மறுபடியும் வெறும் ஈரம்.

திரும்பும்போது நீ பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாய், டாக்சியில் வந்தவள் போல. வீட்டு வாசலில் இறங்கி, கேட்டைச் சாத்திக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குப் பசியாற வருவது நின்றது. நான் கோப்பி கலக்கி வைத்துவிட்டு ஆறவிடுவேன். அந்த வாரங்களில் என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். யாருக்காகச் சொன்னேன்? ஒரு கிழவி, தான் தேறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு நஷ்டம்? கணக்குச் சரியாக வர வேண்டும் என்ற என் பிடிவாதம்தானா?

ஒரு ஞாயிறு காலை கேட் சத்தம் கேட்டது.

"பசியாறிட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா."

நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். நேராக விஷயத்துக்கு வராமல், குலிம் ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்த காலத்துக்குப் போனாய். ஒரு புதுப் பெண், தன் கணக்குக் குறைகிறது என்று பயந்து, தள்ள வேண்டிய உருப்படிகளை நல்ல பெட்டியில் போட்டுவிட்டாள். "நான் கத்துன கத்துல அவ சாப்பிடாம அழுதா. நேத்து அந்தப் பிள்ள ஞாபகம் வந்துச்சு. அவகிட்ட, ரிஜெக்ட்டப் பாஸ் பெட்டியில போட்டா, எவன் வீட்டு டிவியோ நின்னுபோவும்டி, அவன் யாருன்னு உனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்." மேசையை விரலால் தட்டினாய். "அன்னிக்கு நான் கத்துனது சரின்னா, நீ வாயத் தொறந்ததும் சரிதான்."

நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"ஆனா உன்ன மன்னிக்கல."

"சரிக்கா."

"கோப்பி எங்க?"

கிரீம் கிராக்கர் டின்னை எடுத்து வைத்தேன். நீ தொட்டுத்தான் சாப்பிட்டாய்.

அதற்குப் பிறகும் குருனில் நிறுத்தினோம். நீ பொட்டலத்தை வாங்கி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, என் முன்னால் வைத்துவிடுவாய். "வரும்போது," என்பாய். போகிற வழியில் வாய் காய்ந்து, குமட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பையை மடியில் விரித்துக்கொண்டு வருவாய். இரண்டு முறை வாந்தி எடுத்தாய். ஆஸ்பத்திரி முடிந்து கார் நிறுத்தத்துக்கு வந்ததும் முதல் வேலை அந்த வளையத்தைக் கழற்றுவதுதான்.

எண்கள் ஏறவில்லை. கண்ணிலும் இல்லை, வாயிலும் இல்லை. கஷ்டமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் சிகிச்சைக்குக் குறை வராது என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். இவ்வளவு தூரம், இவ்வளவு குமட்டல், பலன் ஒன்றும் தெரியவில்லை, போதும் என்றேன். நீ ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சொன்னாய்:

"வேல செஞ்சவங்க மட்டும் வந்து சொன்னா அது என்ன கணக்குடா, வாத்தியாரே? எனக்கு வேல செய்யலன்னு எழுதறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல?"

கடைசி அளவெடுப்புவரை வந்தாய். அன்று களைத்திருந்தாய், திரும்பும்போது பொட்டலத்தைப் பிரிக்காமலே தூங்கிவிட்டாய். அதுதான் இருக்கைக்கு அடியில் சரிந்திருக்க வேண்டும்.

சில வாரங்களில் ஒரு விடியற்காலை குளியலறையில் விழுந்தாய். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஊசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். பொறுமையாக மறுபடி விளக்கினார். உன் வாசலில் மறுபடி கூடாரம். அத்தானின் தங்கை வந்து நிறைய அழுதாள். பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் வந்தது. துடைத்த கைக்குட்டை நனைந்திருந்ததைப் பார்த்தபோது, நீ கேட்டது இவ்வளவுதானே என்று தோன்றியது.

போன மாதம் மிஸ்ஸி நோரா தொலைபேசியில் அழைத்தார். சோதனை எல்லா ஊரிலும் முடிந்து, யாருக்கு எந்த ஊசி என்பதைத் திறந்துவிட்டார்களாம். உன் தாளில் உறவினர் என்று என் பெயர்தான் இருந்தது. "அங்கிள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா? வேண்டாம் என்றாலும் சரிதான்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். மறுநாள் நானே அழைத்தேன்.

உனக்கு விழுந்தது மருந்தில்லாத ஊசி, அக்கா.

அந்த எச்சில் முழுக்க அசாம்போய் தந்தது. நீ தேறினது பொய்யா என்று கேட்டாயே, அதற்குப் பதில் அந்தத் தொலைபேசியில் வந்தது. ஆமாம், பொய். மருந்து எப்படி என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். சிலருக்குப் பலன் தெரிந்திருக்கிறது, இன்னும் கணக்குப் பார்க்கிறார்கள் என்றார்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பொய்யான எண்கள் குறிப்பு இல்லாமல் அப்படியே நின்றிருந்தால், வெறும் உப்புத் தண்ணீருக்கே எச்சில் ஊறுகிறது என்று ஆகியிருக்கும். உண்மையான மருந்து செய்த வேலை அந்த அளவுக்குச் சிறியதாகத் தெரிந்திருக்கும். உன்னைப் போல வாய் காய்ந்து கிடக்கும் யாருக்கோ அது எட்டாமல் போக உன் கொட்டையும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நூற்றுக்கணக்கானவர்களில் நீ ஒருத்தி. உன் பங்கு மிகச் சிறியது. ஆனால் பூஜ்யம் இல்லை. இதை எந்த வகுப்பிலும் என்னால் நிரூபித்துக் காட்ட முடியும். உன்னிடம் காட்டியிருந்தால் மட்டும், "தண்ணி ஊசிக்காடா நான் குருன்ல வாந்தி எடுத்தேன்?" என்று கேட்டிருப்பாய்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். வியாழன் போய் வந்துவிட்டேன். என் கண்ணில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதாம். அதைச் சொல்ல இந்தக் கடிதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

கண் பிரிவிலிருந்து வெளியே வரும் வழியில் உன்னை அளந்த அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே இப்போது வேறு ஒரு மருந்தைச் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது. நாம் உட்காரும் நாற்காலி வரிசையில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கைப்பையில் தண்ணீர்ப் போத்தல். முகமூடி. முகமூடிக்குள் கன்னம் ஒரு பக்கமாக அசைந்தது. மடியில் பிரித்த பொட்டலம்.

நான் தாண்டிப் போய்விட்டேன். எனக்கு என்ன வேலை, யாரோ எவரோ, என்ன நினைப்பார்கள் என்று மின்தூக்கி வரை போனேன். கதவு திறந்தது. மூடியது. திரும்பி வந்தேன்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. வாயில அசாம்போயா?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஆமாங்க. புக்கிட் செலம்பாவ்லேர்ந்து வரோம். காடியில வந்தா குமட்டும். ஏங்க, இதுகூடக் கூடாதா?"

"எச்சி அளக்கப் போறாங்களா?"

"ஆமா. மவ கார்ட எடுத்துக்கிட்டுக் கவுண்டருக்குப் போயிருக்கா. சாப்பிடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. இது சாப்பாடு இல்லியே."

"இல்லதான். ஆனா துப்பிடுங்க. துப்பிட்டு, இன்ன நேரம் வரைக்கும் வாயில இருந்துச்சுன்னு மிஸ்ஸிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஒண்ணும் திட்ட மாட்டாங்க. கொஞ்சம் காக்க வச்சு அளப்பாங்க."

என் கைக்குட்டையை நீட்டினேன். அவர் திரும்பி, முகமூடியைத் தூக்கி, துப்பினார். மணிக்கட்டிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி, அவர் மடியில் இருந்த பொட்டலத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன்.

"வரும்போது சாப்பிடுங்க," என்றேன்.

பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டாக்டருங்களா?"

"இல்லம்மா. அக்காவோட வந்தவன்."

அவர் கழுத்தை எட்டி, எனக்குப் பின்னால் உன்னைத் தேடினார்.